பிளக்கை மாற்றச் சொல்லாதீர்கள், கடித்துவிடுவேன்

இனி யாராவது "பிளக்கை மாற்றிப் பாரேன்" என்று சொன்னால், கையிலிருக்கும் ஸ்பேனர் எந்தப் பக்கம் பறக்கும் என்று எனக்கே தெரியாது.

இன்ஜினில் பெட்ரோலுக்குத் தீப்பொறி வைக்கிற ஸ்பார்க் பிளக்கைத்தான் சொல்கிறேன். மூன்று செட் மாற்றியாயிற்று. நாலு சிலிண்டருக்கு மொத்தம் பன்னிரண்டு பிளக்! வண்டி என்னைவிட வயதில் மூத்த பெட்ரோல் டிராக்டர். புது பிளக் போட்டால் முதல் நாள் புதுமாப்பிள்ளை மாதிரி ஓடும். மறுநாள் லேசாக மிஸ்ஸிங், அதாவது இடையிடையே எரியத் தவறி இன்ஜின் விக்கும். மூன்றாம் நாள் பாதி உழவில் குலுங்கி நின்றுவிடும். கழற்றினால் நுனி முழுக்கக் கரி.

அந்தக் கரியை யாராவது ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்களா? தொட்டால் பொடியாக விரலில் ஒட்டுகிற கரி என்றால் பெட்ரோல் அதிகம், காற்று போதவில்லை. ஈரமாகப் பிசுபிசுத்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கோ வால்வுத் தண்டைத் தாங்கும் கைடோ தேய்ந்து சிலிண்டருக்குள் ஆயில் ஏறுகிறது. வெளிர்பழுப்பாக இருந்தால் குறையே இல்லை. என்னுடையது பொடிக்கரி, நாலிலும் ஒரே மாதிரி. அப்படியானால் கோளாறு நாலுக்கும் பொதுவான இடத்தில்தானே இருக்கும்? இதைக் கேட்டதற்கு மெக்கானிக் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரிங் போயிடுச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்" என்றார். சரி, நீங்கள் கிளம்புங்கள் என்றேன்.

காற்று வழியை அடைக்கிற சோக் முழுசாகத் திறக்கிறதா என்று பார்த்தேன், திறந்தது. காற்றை எண்ணெயால் வடிகட்டும் ஏர் கிளீனரில் எண்ணெய் அளவுக்கோட்டுக்கு மேல் ஒரு விரல் அளவு நின்றது. "எண்ணெய்தானே, கூட இருந்தால் நல்லது" என்று ஊற்றிய புண்ணியவான் யாரோ! காற்று எப்படிப் போகும்? வடித்தேன். கரி குறைந்தது, நிற்கவில்லை. கடைசியில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைத் திறந்து பித்தளை மிதவையைக் காதோரம் ஆட்டினால், உள்ளே களக் களக். வெந்நீரில் அமுக்கினேன். ஒட்டுப்போட்ட விளிம்பிலிருந்து குண்டூசி முனை அளவுக்குக் குமிழி, ஒன்றன்பின் ஒன்றாக. உள்ளே பெட்ரோல் புகுந்து கனத்துப்போன மிதவை எப்படி எழும்பும், பெட்ரோல் வரும் வழியிலுள்ள ஊசி வால்வை எப்படி மூடும்? பெட்ரோல் அளவுக்கு மேல் பாய்ந்துகொண்டேதான் இருக்கும். இந்த ஓட்டைக்குத்தான் பன்னிரண்டு பிளக்கைக் காவு கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு எரிச்சல், "சூடாகட்டும்" என்று அரை மணி நேரம் ஐடிலில், வேலையில்லாமல் சும்மா ஓட விட்டுவிட்டுக் கதை பேசுகிறவர்கள். பிளக் நுனி ஏறத்தாழ 450, 500 டிகிரி செல்சியசைத் தொட்டால்தான் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். ஐடிலில் அந்தச் சூடு எங்கே வரும்? போதாததற்கு, இன்ஜின் குளிர்ச்சியாக ஓடட்டும் என்று சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட்டை வேறு பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள்.

வேறு மிதவை மாட்டியதிலிருந்து ஒரு மிஸ்ஸிங் இல்லை. நேற்று ஒருவர் நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு, "பார்த்தியா, பிளக் மாற்றினதும் எப்படி ஓடுது!" என்றார். இப்போது உள்ளே இருப்பது கரி துடைத்துத் திரும்பப் போட்ட முதல் செட்.