ஐஸ்லாந்து: ஃபேஸ்புக்கில் எழுதிய சாசனம் அமலில் இல்லை

"ஐஸ்லாந்து மக்கள் ஃபேஸ்புக்கிலேயே அரசியல் சாசனம் எழுதினார்கள், இன்று அதுதான் அங்கே சட்டம்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். முதல் பாதி கொஞ்சம் மிகை, இரண்டாம் பாதி தவறு.

எழுதியது 25 பேர் கொண்ட குழு. 2010-ல் இதற்கென்றே நடந்த தேர்தலில் ஜெயித்தவர்கள். அந்தத் தேர்தலை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும், பெரும்பாலும் அதே ஆட்களையே நாடாளுமன்றம் நியமித்தது. 2011-ல் இவர்கள் வரைவை எழுத எழுத இணையத்தில் போட்டார்கள், மக்கள் ஃபேஸ்புக்கிலும் குழுவின் தளத்திலும் கருத்துச் சொன்னார்கள். சில பிரிவுகள் அதனால் மாறின, சரி. ஆனால் பேனா குழுவின் கையில்தான் இருந்தது.

2012 அக்டோபரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பேர் ஆதரித்தார்கள். அது நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாத, ஆலோசனை வாக்கெடுப்பு. 2013 தேர்தலுக்கு முன் மசோதா நிறைவேறவில்லை, அப்புறம் வந்த ஆட்சியும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. இன்றும் அங்கே இருப்பது 1944-ன் சாசனம்தான்.

இணையத்தால் சாதித்த உதாரணம்தான் வேண்டுமென்றால், அதே நாட்டின் தலைநகர் ரெய்க்யவிக்கின் 'பெட்ரி ரெய்க்யவிக்' (சிறந்த ரெய்க்யவிக்) இணையதளத்தைச் சொல்லலாம். 2010-ல் ஒரு லாபநோக்கற்ற குடிமக்கள் அமைப்பு அதைத் தொடங்கியது. குடியிருப்போர் முன்வைத்து ஆதரவு திரட்டிய யோசனைகளை நகராட்சி பரிசீலனைக்கு எடுத்தது, பலவற்றைச் செய்தும் காட்டியது.