மேலே பவுடர், கீழே சொதசொத

கனடாவின் விஸ்லர் பனிமலையில் மார்ச் மாத ஸ்கீ பேட்ரோல் வேலையா, அதாவது பனிச்சறுக்க வருபவர்களுக்குக் காவல் வேலையா? ஒரே நாளில் மூன்று மலை. மேலே 2,200 மீட்டரில் இடுப்பளவு புதுப்பனி, அதுதான் பவுடர். நடுவில் நேற்றைய மழை இரவில் உறைந்து ஓடு கட்டியிருக்கும். 675 மீட்டரில் இருக்கும் ஊரை நெருங்குவதற்குள் எல்லாம் சொதசொத. பசிபிக் பக்கத்தில் இருக்கிறது, ஈரம் வரத்தான் செய்யும். சரி, வானத்தைத் திட்டி என்ன பயன்?

சறுக்க வரும் ஆட்களைத் திட்டலாம். விடியும் முன்பே ஏறி, வெடி வைத்துச் சரியக்கூடிய பனியைச் சரித்துவிட்டு, போகக்கூடாத இடத்தில் மூங்கில் நட்டுக் கயிறு கட்டினால், அதற்கடியில் குனிந்து போகிறார்கள்! கேட்டால், "பனி நல்லாத்தானே இருக்கு?" நல்லாத்தான் இருக்கிறது, முதல் நூறு மீட்டருக்கு. அப்புறம் ஓட்டில் ஸ்கீ மாட்டி முழங்கால் திருகினால் கூப்பிடுவது எங்களைத்தான்.

அடிபட்டவரை ஸ்லெட்ஜில், அதாவது பனியில் இழுக்கும் சறுக்கு வண்டியில், இறக்குவது தனிக் கொடுமை. பவுடரில் அது நகராது. ஓட்டுப்பனியில் நம்மையே பின்னாலிருந்து தள்ளும். அடியில் சங்கிலியைப் போட்டாலும் வழுக்கும். ஈரப்பனியில் மறுபடி சண்டி பண்ணும். தொடை எரிய நாம் இழுத்துக்கொண்டிருக்கும்போது படுத்திருப்பவர் கேட்கிறார்: "கொஞ்சம் ஆட்டாமல் போக முடியாதா?"