'அவசரநிலை' என்றால் அப்பாவுக்கு 1975

'காலநிலை மாற்றம்' என்ற சொல் போதாது என்று, உங்கள் கட்டுரையில் 'காலநிலை அவசரநிலை' என்று எழுதியிருக்கிறீர்கள். 2019-இல் ஆக்ஸ்போர்டு அகராதி அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்த 'climate emergency'-யின் தமிழாக்கம், சரி. ஆனால் குமரிக் கடலோரத்தில், குளச்சலில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினால், "மறுபடியும் எமர்ஜென்சியா?" என்கிறார். அவருக்கு அது 1975. 'காலநிலை நெருக்கடி' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. வெறும் 'மாற்றம்' போதாது என்பதில் உங்கள் கட்சிதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் ஆளை இழந்த வீடுகளில் போய் 'மாற்றம்' என்று சொல்ல முடியுமா? (ஒரு புயலை மட்டும் வைத்துக் காலநிலைதான் காரணம் என்று சொல்லக்கூடாது, தெரியும்.) அப்புறம், மக்கள் சொல்லே போதும் என்பதற்கு ஓர் உதாரணம்: எங்கள் கரையில் காற்றே இல்லாமல் திடீரென்று ஏறிவரும் கடலுக்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர். எங்கோ தெற்கே தொலைகடலில் கிளம்பும் அலை அது. விஞ்ஞானிகளும் அந்தப் பெயரையே அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.