‘சல்பைட் சேர்க்காதது’ வேறு, ‘சல்பைட்டே இல்லாதது’ வேறு

ஃப்ரே குடும்பத்தின் ஒயினைப் பற்றி எழுதும்போது “ஆர்கானிக் ஒயின் எதிலும் சல்பைட் துளியும் இருக்காது, ஆஸ்துமாக்காரர்களும் பயமில்லாமல் குடிக்கலாம்” என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், தயவுசெய்து அதை நம்பிவிடாதீர்கள். சல்பைட் என்பது ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள், ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. கலிபோர்னியாவின் மெண்டசீனோ பகுதியில் 1980-இல் தொடங்கிய அந்தக் குடும்பம் சல்பைட் சேர்ப்பதில்லை என்பது உண்மைதான், அதற்காக அவர்களை மனதார மதிக்கிறேன், 2017 காட்டுத்தீயில் ஆலையே எரிந்தபிறகும் மீண்டு வந்தவர்கள். ஆனால் திராட்சைச் சாறு நொதிக்கும்போது ஈஸ்ட்டே கொஞ்சம் சல்பைட்டை உண்டாக்கிவிடும், அதை யாராலும் முழுக்கத் தடுக்க முடியாது.

அப்புறம், நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்காவில் ‘ஆர்கானிக் ஒயின்’ என்று போட்டால் சல்பைட் சேர்க்கவே கூடாது. ‘ஆர்கானிக் திராட்சையில் செய்தது’ என்றிருந்தால் மொத்தம் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) வரை இருக்கலாம். ஐரோப்பாவிலோ ஆர்கானிக் முத்திரை உள்ள, இனிப்பில்லாத சிவப்பு ஒயினிலேயே லிட்டருக்கு 100 மில்லிகிராம், வெள்ளையில் 150 வரை அனுமதி உண்டு. சாதாரண ஒயினைவிட இது குறைவு, அவ்வளவுதான். சல்பைட் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆர்கானிக் என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்து வாங்காமல், பின்பக்க லேபிளையும் படியுங்கள், டாக்டரையும் கேளுங்கள்.