அந்த சைபர் வேறு, இந்த சைபர் வேறு

‘கணினி 0, 1 என்று இயங்குவதால்தான் சைபர் பாதுகாப்பு என்று பெயர்; சைபர் என்றால் பூஜ்யம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. கணக்கு வாத்தியார் விடைத்தாளில் போடும் சைபர், ‘ஸிஃப்ர்’ என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்துக்கூட்டலே வேறு: பூஜ்யம் cipher, பாதுகாப்பு cyber. தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடுகின்றன, அதுதான் வினை. பாதுகாப்புக்கு முன்னால் நிற்கும் சைபருக்கு மூலம், கப்பலில் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் ‘குபெர்நேதேஸ்’ என்ற கிரேக்கச் சொல். விலங்குகளிலும் இயந்திரங்களிலும் நடக்கும் கட்டுப்பாட்டையும் தகவல் தொடர்பையும் பற்றி 1948இல் வெளியிட்ட நூலில், கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் அதிலிருந்து ‘சைபர்நெடிக்ஸ்’ என்ற பெயரை உருவாக்கினார். அதன் தலையை மட்டும் வெட்டியெடுத்து 1980களில் ‘சைபர்ஸ்பேஸ்’ (கணினி வலைப்பின்னல்களுக்குள் இருக்கும் வெளி) ஆக்கியவர் புனைகதை எழுத்தாளர் வில்லியம் கிப்சன். பாதுகாப்பு பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. கவர்னர் என்ற சொல்லும், லத்தீன் வழியாக, இதே சுக்கான்காரருக்கு உறவு.