தூர்வாரிய சேறு எங்கே போகும்? பட்ஜெட்டில் அதற்குத் தனித் தொகை வேண்டும்

சென்னையில் குளம், ஏரி சீரமைக்க மானியம் கேட்கும் தொண்டு நிறுவனங்கள் புரபோசலோடு சுற்றுச்சூழல், சமூகப் பாதிப்புப் படிவம் ஒன்றையும் நிரப்பி அனுப்புகின்றன. மக்கள் இடம்பெயர்வார்களா? இல்லை. கழிவு வருமா? குறைவு. என்ன செய்வீர்கள்? "உரிய முறையில் அகற்றப்படும்." இந்த "உரிய முறையில்" என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கவலை வந்துவிடும். யார், எந்த வண்டியில், எங்கே, யார் பணத்தில் என்று யோசிக்காத இடத்தில்தான் அது வந்து உட்காரும்.

பாதிப்பைத் தடுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் பட்ஜெட்டில் தனிச் செலவு இனமும் தொகையும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கான்ட்ராக்டர் விலை சொல்வது, எந்த வேலை எவ்வளவு என்று காட்டும் அளவுப் பட்டியலைப் பார்த்து. சைட் இன்ஜினியர் கையில் இருப்பதும் அதுதான். புரபோசலின் இணைப்பு 7-இல் எழுதி வைத்ததைக் களத்தில் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

சேற்றையே எடுத்துக்கொள்வோம். 1 ஏக்கர் குளம், சராசரியாக இரண்டரை அடி ஆழம் எடுக்கிறோம். 43,560 சதுர அடியை 2.5-ஆல் பெருக்கினால் 1,08,900 கன அடி, அதாவது 1,089 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). வெட்டி எடுத்ததும் மண் உப்பும். ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்று வைத்தாலே 1,300 யூனிட் தாண்டும். 4 யூனிட் டிப்பரில் சுமார் 325 நடை. நாளைக்கு 20 நடை அடித்தால் 16, 17 நாள். போக வர சேர்த்தால், குறுகலான ஒரு தெருவில் நாளைக்கு 40 தடவை டிப்பர் போகும். அந்தத் தெருவில் பள்ளி இருந்தால் காலையும் மாலையும் ஒன்றரை மணி நேரம் வண்டியை நிறுத்தத்தான் வேண்டும். அப்போது 20 நடை 13-ஆகும், 17 நாள் 25-ஆகும், பொக்லைன் வாடகை ஏறும். சேறு உடனே ஏற்றினால் தெருவெல்லாம் ஒழுகும் என்பதால் கரையிலேயே மூன்று நான்கு நாள் வடியவிட வேண்டும். தெருவின் இரண்டு முனையிலும் கொடி காட்ட ஆள், வண்டிக்குத் தார்பாய், கொட்டும் இடத்துக்கு எழுத்துப்பூர்வமான அனுமதி, எல்லாமே காசு. இதற்கெல்லாம் தொகை ஒதுக்காத பட்ஜெட்டில் கான்ட்ராக்டர் ராத்திரியில் ஓட்டி, பக்கத்துப் பள்ளத்தில் கொட்டிவிட்டுப் போவார். தென்சென்னையில் அந்தப் பள்ளம் பல நேரம் சதுப்பு நிலத்தின் ஓரமாக இருக்கும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் தலமான (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமான) பிறகும் அதன் ஓரங்களுக்கு மண் லாரிதான் பெரிய ஆபத்து. ஒரு குளத்தைக் காப்பாற்றிய பணம் இன்னொரு நீர்நிலையைத் தூர்த்திருக்கும்.

சாக்கடை கலந்த குளமாக இருந்தால், சேற்றைத் தோட்டத்துக்கோ வயலுக்கோ கொடுப்பதற்கு முன் ஈயம், குரோமியம், காட்மியம் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். தண்ணீர் நுழையும் வாய், நடு, எதிர்க்கரை என்று மூன்று இடத்தில் மாதிரி எடுங்கள்.

அந்த நுழைவாய்தான் உயிருக்கு ஆபத்தான இடமும். வரத்துக் கால்வாயின் பெட்டிப்பாலம் (பெட்டி வடிவச் சிறுபாலம்) அடைத்திருந்தால் "ஒரு ஆளை இறக்கினா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்று யாராவது சொல்வார்கள். கழிவுநீர் தேங்கிய இடத்தில் விஷவாயு ஆளை நிமிடங்களில் சாய்த்துவிடும். சாக்கடையில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை கையால் கழிவகற்றுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்டிங் இயந்திரத்தின் வாடகைக்குத் தொகை ஒதுக்காத பட்ஜெட்டை, மானியம் தரும் எந்த ஃபண்டரும் ஏற்கக் கூடாது.

அடுத்தது காலம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஜூனில் ஒப்பந்தம், ஆகஸ்டில் முதல் தவணை, செப்டம்பரில் டெண்டர் என்று போனால் மண் வெட்டும் வேலை சரியாக மழையில் விழும். ஈரக்கரை சரியும், லாரி புதையும். அவசரத்தில் கரையைச் செங்குத்தாக வெட்டி விட்டுவிடுவார்கள். தண்ணீர் நிரம்பிய பிறகு, ஒரே அடியில் ஆழம் போகும் அந்த ஓரம்தான் பிள்ளைகளை விழுங்குகிறது. ஒரு அடி ஆழத்துக்கு இரண்டு அடியாவது சரிவு விட வேண்டும். மார்ச் 31-க்குள் செலவழித்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தி, பிப்ரவரியில் தொடங்கி ஆகஸ்டுக்குள் முடிக்க விடுங்கள். ஃபண்டர்களிடம் கேட்பதற்கு இதைவிட முக்கியமான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது கரையில் குடியிருப்பவர்கள். "நாங்கள் யாரையும் அகற்றவில்லை, எங்கள் திட்டம் வருமுன்பே அரசு அகற்றிவிட்டது" என்று தொண்டு நிறுவனங்கள் படிவத்தில் எழுதுகின்றன. உலக வங்கி 2018 அக்டோபரிலிருந்து நடைமுறைப்படுத்தும் சுற்றுச்சூழல், சமூகக் கட்டமைப்பில், இடப்பெயர்வு பற்றிய ஐந்தாவது தரநிலை இதை ஏற்பதில்லை. திட்டத்தை எதிர்பார்த்து முன்கூட்டியே நடந்த அகற்றலும் அதில் அடங்கும். பட்டா இல்லாதவருக்கும் வீட்டுக்கும் கடைக்கும் இழப்பீடு, மறுவாழ்வு உதவி உண்டு. வேறு ஃபண்டரின் பணமாக இருந்தாலும் இதை அளவுகோலாக வைத்துக்கொள்வதே நியாயம். மறுகுடியமர்வுப் பகுதிகளான கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ அனுப்பப்பட்டவருக்கு வீடு கிடைத்தாலும், பழைய இடத்தில் பார்த்த வீட்டு வேலைக்கு விடியற்காலை பஸ் பிடிக்க வேண்டும். ஆகவே புரபோசல் எழுதுமுன் கரையை ஒரு சுற்று நடந்து, குடிசை, இட்லிக்கடை, மாடு கட்டும் முளை உட்பட எல்லாவற்றையும் தேதி போட்டுப் படம் எடுத்துப் பட்டியலிடுங்கள். அந்தத் தேதிதான் பிறகு யார் உரிமையுள்ளவர் என்று தீர்மானிக்க உதவும்.

வேலையாட்களைப் பற்றிச் சுருக்கமாக: பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, குடிநீர், நிழல். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். அதன் தொடர்பு விவரத்தை வேலை தொடங்கும் நாளே தமிழிலும் இந்தியிலும் ஒட்டுங்கள்.

மக்கள் புகார் சொல்லும் தொலைபேசி எண்ணும் அப்படித்தான். ஆங்கிலப் பலகையை வேலிக்குள் நட்டுவைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். ரேஷன் கடைச் சுவரில் பெரிய தமிழ் எழுத்தில் எழுதுங்கள். கரையோர டீக்கடையில் ஒரு நோட்டு வையுங்கள். பெயர் சொல்லாமலும் புகார் தரலாம் என்று அதில் இருக்கட்டும். ஏழு நாளுக்குள் பதில் எழுதித் தேதி போடுங்கள். ஃபண்டர்களே, அறிக்கையில் "புகார்: 0" என்று வந்தால் கையெழுத்துப் போடுமுன் பலகையில் உள்ள எண்ணை ஒரு தடவை அழையுங்கள். டிப்பர் 650 தடவை போய்வந்த தெரு அது.