வேல்ஸ் கடற்கரையில் வீடு எடுக்கும் முன் ஒரு கேள்வி

மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஆகஸ்டில் ஒரு வாரம் அபர்டாரன் போகலாம் என்று எங்கள் வாட்ஸப் குழுவில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஊரைச் சொன்னதே நான்தான். ஆனால் நேற்று ஒருவர் அனுப்பிய வீட்டு விளம்பரத்தைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. ஐந்து படுக்கையறை, கடலைப் பார்த்த பால்கனி, சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை மட்டும். குழுவில் இரண்டு வரியில் சொன்னால் சண்டை போடுகிற மாதிரி இருக்கும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

போன செப்டம்பரில் நானும் வீட்டுக்காரரும் அங்கே மூன்று நாள் இருந்தோம். வடமேற்கு வேல்ஸில் லீன் தீபகற்பம் கடலுக்குள் நீண்டுபோய் முடிகிற இடத்தில் இருக்கிற சின்ன ஊர். கடற்கரை மணலை ஒட்டியே புனித ஹவின் தேவாலயம், கல்லறைகள் அலையைப் பார்த்துச் சரிந்து நிற்கும். உள்ளே பழைய கல் ஒன்று இருக்கிறது, 1,400 வருஷத்துக்கு மேல் பழசு. செனாகஸ் என்ற பாதிரியார் திரளான சகோதரர்களோடு இங்கே கிடக்கிறார் என்று லத்தீனில் செதுக்கியிருக்கிறார்கள். எதிரே கடலில் என்லி தீவு. மூன்று முறை அங்கே யாத்திரை போனால் ஒரு முறை ரோம் போனதற்குச் சமம் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள், இருபதாயிரம் புனிதர்கள் அங்கே புதைந்திருக்கிறார்கள் என்பது ஐதீகம். நடுவில் நீரோட்டம் பயங்கரம். காற்று மாறினால் படகு கிடையாது, எத்தனை நாள் முன்னால் பதிவு செய்திருந்தாலும் சரி. எங்களுக்கு மூன்று நாளும் கிடைக்கவில்லை.

தங்கியது ஒரு வீட்டின் மாடி அறையில். காலைச் சாப்பாடு அந்த வீட்டு அம்மாவே செய்து கொடுத்தார். அவருக்கும் பால் கொண்டுவந்தவருக்கும் நடந்த பேச்சு முழுக்க வேல்ஷ் மொழியில். ஊர்ப் பெயர்களில் வருகிற 'll' என்ற இரட்டை எழுத்தை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். நாக்கை 'ல்' சொல்ல வைக்கிற இடத்திலேயே வைத்து, குரல் கொடுக்காமல் ஓரமாகக் காற்றை விடச் சொன்னார். பத்து தடவை சொல்லவைத்தார், அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதற்கு முந்தின வருஷம் பிப்ரவரியில், வேறொரு கடற்கரைக் கிராமத்தில் முழு வீடு எடுத்திருந்தோம். சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டு. எங்கள் தெருவில் நாங்கள் போட்ட விளக்கு மட்டும்தான். காலையில் பார்த்தால் வாசலுக்கு வாசல், விடுமுறைக்கு வாடகைக்கு வருகிறவர்கள் சாவி எடுத்துக்கொள்ள, நான்கு எண் திருகித் திறக்கிற சாவிப் பெட்டி, சிலது உப்புக் காற்றில் துருப்பிடித்திருந்தது. நடந்துகொண்டே எண்ணினேன், ஏழு. பால் வாங்கக்கூட அடுத்த ஊருக்குக் கார் எடுக்க வேண்டியிருந்தது.

இதே லீனில் இருக்கிற அபர்சோக்கில், பிள்ளைகள் எண்ணிக்கை பத்துக்கும் கீழே போய், 2021 டிசம்பரோடு தொடக்கப் பள்ளியை மூடிவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கென்று வாங்கி வாங்கி அந்த ஊரில் வீட்டு விலை எங்கேயோ போய்விட்டது, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களால் வாங்க முடிவதில்லை. அந்தப் பகுதியின் உள்ளாட்சியான குவினெத் கவுன்சில் 2023 முதல் இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களிடம் வழக்கமான வீட்டு வரியோடு இன்னும் 150 சதவீதம் சேர்த்து வாங்குகிறது. எனக்கு அது சரியென்றே படுகிறது. பள்ளி போனால் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் வேல்ஷ் மொழியும் போகும், அப்புறம் வரியை வைத்து அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அதற்காகப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. சுற்றுலாவை நம்பித்தான் அங்கே நிறையப் பேர் பிழைக்கிறார்கள். பிள்ளைகளோடு பன்னிரண்டு பேர் போகும்போது அடுப்படி வேண்டும், தனித்தனி அறை எடுத்தால் செலவு எகிறும், அதுவும் புரிகிறது. வாடகை வீடு எல்லாமே வெளியூர்க்காரருடையது என்றும் இல்லை. பண்ணை வைத்திருப்பவர்கள் பழைய தொழுவத்தைச் சரிசெய்து விடுகிறார்கள், வயலில் கூடாரம் போட இடம் தருகிறார்கள். அதனால் முன்பணம் கட்டுமுன் வீட்டின் சொந்தக்காரரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: குளிர்காலத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? ஊரில்தான், பக்கத்து வீடுதான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

இன்னொன்று, நம்மாட்கள் அரிசி, மாவு, காய்கறி, தண்ணீர் பாட்டில் வரைக்கும் காரில் ஏற்றிக்கொண்டு போவோம். அரிசியும் மாவும் சரி. ரொட்டி, முட்டை, பால், மீனையாவது அங்கே வாங்குவோம்.

கார் வேண்டாம் என்பவர்கள் பர்மிங்காமிலிருந்து புல்ஹெலி வரை ரயிலில் வரலாம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும், ஆனால் பார்மவுத்தில் ஆறு கடலில் சேர்கிற இடத்தின் மேல் நீளமான மரப்பாலத்தில் ரயில் மெதுவாக ஊர்ந்து போகிறதே, அதற்காகவே வரலாம். அங்கிருந்து பஸ்.

அந்த அம்மாவிடம் நேற்று ராத்திரி பேசினேன். ஆகஸ்டில் இரண்டு அறைதான் காலி, மூன்றாவது குடும்பத்துக்கு அவருடைய தங்கை பண்ணையில் கேட்டுச் சொல்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை வரை அறைகளை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் அந்த ஐந்து படுக்கையறை வீட்டுக்கு யாரும் பணம் கட்டிவிடாதீர்கள்.